டேகேருக்குக் கட்டிக்கொடுக்கும் டப்பா அப்படியே திரும்பி வருகிறது

கேள்வி (ஜூன் 19, 2023): மகனுக்கு இரண்டரை வயது. இந்த மாதம்தான் டேகேரில் விட்டோம். வீட்டில் ஏதோ நாலு வாய் சாப்பிடுவான். அங்கே கொடுத்தனுப்புவது மூடி திறந்த மாதிரியே தெரியவில்லை. சாம்பார் சாதம், கீரை சாதம், காய்கறி புலாவ், சப்பாத்தி என்று மாற்றி மாற்றிப் பார்த்தாச்சு. மாமியார் "நாலு பிஸ்கட்டாவது வைத்து அனுப்பு, பிள்ளை பட்டினி கிடக்கிறான்" என்கிறார். பட்டினிக்கு பிஸ்கட் தேவலை இல்லையா? இந்த வயசுப் பிள்ளை இருக்கும் வீட்டில் என்ன கட்டுகிறீர்கள்?

ஜூன் 19, 2023, இரவு

கொஞ்ச நாளைக்கு மெனுவை மாற்றாதீர்கள். முதலில் டேகேரில் சாப்பாட்டு நேரத்தில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். டைரக்டரிடமோ டீச்சரிடமோ கேட்டால் "நன்றாகச் சாப்பிடுகிறான் மேடம், கொஞ்சம் ஸ்லோ" என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிற அக்காவிடம் கேட்க வேண்டும். அவரைப் பிடிக்க மாலையில் பத்து நிமிஷம் முன்னால் போய் வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் டப்பா என் பொறுப்பு. மனைவிக்கு ஆபீஸ் கேப் ஏழு மணிக்கே துரைப்பாக்கம் சிக்னலில் வந்துவிடும். மகளும் உங்கள் பையன் வயசுதான். எங்களுக்கும் முதலில் டப்பா முழுசாகத் திரும்பியது. அந்த அக்கா சொன்னது இது: பத்தரைக்குப் பால், கூடவே பிஸ்கட். பதினொன்றே முக்காலுக்குச் சாப்பாடு. எங்கள் டப்பா நாலு பக்கமும் கிளிப் போட்டது, பாப்பாவால் திறக்க முடியாது. திறந்துவிட ஆள் வரும்போது பக்கத்துப் பிள்ளை பாதி சாப்பிட்டு முடித்திருக்கும். அப்புறம் எல்லாரும் கை கழுவ எழுந்ததும் இவளும் எழுந்துவிடுவாள்.

இதில் சாம்பார் சாதத்தின் குற்றம் என்ன இருக்கிறது?

அதனால் மூன்று கேள்வி: சாப்பாட்டுக்கு முன்னால் என்ன கொடுக்கிறார்கள்? மூடியை யார் திறக்கிறார்கள்? உட்கார்ந்து சாப்பிட எவ்வளவு நேரம்?

ஜூன் 19, இன்னும் கொஞ்சம்

அளவைச் சொல்ல மறந்துவிட்டேன். நாம் டப்பாவை நிரப்பி அமுக்கி மூடுகிறோம். குழந்தை மருத்துவர்கள் சொல்லும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஒவ்வொரு பண்டத்திலும் வயசுக்கு ஒரு மேசைக்கரண்டி. இரண்டு வயதென்றால் இரண்டு கரண்டி சாதம், இரண்டு கரண்டி காய். பசித்தால் மேலே கேட்கும். நாம் வைப்பது அந்த அளவைப்போல மூன்று மடங்கு. "பாதிதான் சாப்பிட்டான்" என்று நாம் புலம்பும் அந்தப் பாதியே அவனுக்கு முழுச் சாப்பாடாக இருக்கலாம்.

ஜூன் 21, 2023

பிஸ்கட் விஷயம். ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் சாதத்தோடு ஒரே பையில் போகும் பிஸ்கட் சாதத்தைத் தோற்கடித்துவிடும். எந்தப் பிள்ளையும் முதலில் அதைத்தான் எடுக்கும், பெரியவர்களே அப்படித்தான். டேகேரில் ஏற்கெனவே பத்தரைக்கு பிஸ்கட் கொடுத்தால் அதற்குப் பதில் வாழைப்பழமோ வேகவைத்த சர்க்கரைவள்ளியோ நீங்கள் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். பாலைப் பாதியாகக் குறைக்கவும் சொன்னேன்.

பட்டினி என்கிற பயத்துக்கு ஒரு கணக்கு. முதல் வருடத்தில் குழந்தை பிறந்த எடையைப்போல சுமார் மூன்று மடங்கு ஆகிறது. இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும். வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறையத்தான் செய்யும். "ஒரு வயசில் எல்லாம் சாப்பிட்டான், இப்போதுதான் இப்படி" என்று எல்லா வீட்டிலும் சொல்வதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, தெரியாத உணவைக் கண்டால் ஒதுங்குகிற குணம். இரண்டிலிருந்து ஆறு வயது வரை அதுதான் உச்சம். நடக்கத் தெரிந்து, கண்டதை வாயில் போடக்கூடிய வயசில் இந்தச் சந்தேகம் பிள்ளைக்கு ஒரு காவல் என்றும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, காலை ஏழரை மணிக்கு யாருக்கும் அது ஆறுதல் இல்லை.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வைத்த ஒரு பங்கீடு எனக்கு உதவியது. என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. இதை என் மாமியாரிடம் சொன்னேன். "அப்படிவிட்டா உங்க பொண்டாட்டி வளர்ந்தே இருக்க மாட்டா மாப்ளே" என்றார்கள். அவர்கள் திருநெல்வேலி. காக்காய், நாய், பஸ், பக்கத்து வீட்டு மாமா என்று ஊரையே காட்டி ஊட்டி வளர்த்தவர்கள்.

டேகேரில் காக்காய் காட்ட ஆள் இல்லை, போனும் இல்லை. அந்த வேடிக்கை இல்லாமல் சாப்பிடப் பிள்ளைக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும். உங்கள் வீட்டில் போன் காட்டி ஊட்டும் பழக்கம் இருந்தால் அதுவும் ஒரு காரணம். நீங்கள் சொல்லவில்லை, நானாகக் கேட்கிறேன்.

ஜூன் 24, 2023

கடுகு. தாளிப்பில் இருக்கும் கடுகைப் பார்த்து என் மகள் "எறும்பு" என்கிறாள். கறிவேப்பிலை "பூச்சி". சீரகம் இன்னும் பெயர் இல்லாத ஏதோ ஜீவராசி. அக்காவுக்கு அதையெல்லாம் பொறுக்கி எடுக்க நேரம் கிடையாது. டப்பா சாதத்துக்குத் தாளிப்பே வேண்டாம். நெய்யில் பெருங்காயத்தூளைப் போட்டுக் கலந்தால் வாசனை வந்துவிடும். ரசம் என்றால் வடிகட்டி ஊற்றுங்கள்.

ஜூலை 2, 2023

பீட்ரூட்டை அரைத்து தோசை மாவில், கீரையை அரைத்து சப்பாத்தியில், பூசணியை இட்லியில் என்று ஒளித்து வைக்கலாமே என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யலாம், சத்து உள்ளே போகும். ஆனால் அதனால் பீட்ரூட் சாப்பிடக் கற்றுக்கொள்ளாது. புது உணவை 8 முதல் 15 முறை வரை தொல்லை செய்யாமல் முன்னால் வைத்தால்தான் பல பிள்ளைகள் ஏற்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாம் மூன்றாவது தடவையே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அந்தப் பயிற்சியை டப்பாவில் வைக்காதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. புதுசு எதுவானாலும் வீட்டில், ராத்திரிச் சாப்பாட்டில், உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். டேகேருக்குத் தெரிந்த சாப்பாடு மட்டும் போகட்டும். தெரியாத இடம், தெரியாத மனிதர்கள், அதோடு தெரியாத கோவைக்காய் என்றால் யாரால் முடியும்?

ஒளித்துவைப்பதில் எனக்குப் பெரிய பயம் வேறு. பச்சை சப்பாத்தியைப் பார்த்த நாளிலிருந்து வெள்ளைச் சப்பாத்தியையும் சோதனை போட்டுத்தான் சாப்பிட்டாள்.

ஜூலை 9, 2023

கேட்டீர்கள், என்ன கட்டுகிறோம் என்று. காலை எட்டுக்கு மூடி, பன்னிரண்டுக்குத் திறக்கும்போது எது எப்படி இருக்கும் என்பதுதான் இங்கே விஷயம். ருசி பார்க்க ஒரு நாள் எட்டு மணிக்குக் கட்டிய டப்பாவை நானே ஆபீஸில் பன்னிரண்டுக்குத் திறந்து சாப்பிட்டேன். எல்லாரும் ஒருமுறை செய்யுங்கள், பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

பருப்பு சாதம் சூட்டில் தளர இருக்கும், ஆறினால் இறுகிக் கட்டியாகிவிடும். அதனால் காலையில் கலக்கும்போது "ஐயோ, தண்ணியாகிவிட்டதே" என்று தோன்றும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். அரிசியை இன்னும் ஒரு விசில் விட்டு, சூடாக இருக்கும்போதே மசித்து, பருப்புத் தண்ணீரும் நெய்யும் விட்டால் மதியத்துக்குச் சரியாக இருக்கும்.

தயிர் சாதத்துக்கு நம் பாட்டிமார்கள் வழிதான். குழைந்த சாதத்தில் காய்ச்சிய பாலை ஊற்றி, வெதுவெதுப்பாக ஆனதும் ஒரு கரண்டி தயிர் மட்டும். பன்னிரண்டு மணிக்கு அது உள்ளேயே தோய்ந்து, புளிக்காமல் இருக்கும். மாதுளை முத்து தூவும் பழக்கம் உண்டு, என் மகள் அதையும் பொறுக்கி வெளியே வைப்பாள், போகட்டும்.

இட்லி நல்ல பிள்ளை. குட்டி இட்லித் தட்டில் ஊற்றி, நல்லெண்ணெயும் காரம் போடாத பருப்புப்பொடியும் புரட்டிவிட்டால் கையால் எடுத்துச் சாப்பிடலாம், ஊட்ட ஆளே வேண்டாம். குழிப்பணியாரமும் அப்படித்தான். தோசை கட்டாதீர்கள், மதியம் ரப்பர். இடியாப்பம் நூல் நூலாகக் காய்ந்துவிடும். தேங்காய்ப்பாலில் ஊறவைத்து அனுப்பினால் பையெல்லாம் தேங்காய்ப்பால். சப்பாத்தி மாவை வெந்நீரோ பாலோ விட்டுப் பிசைந்து, சுட்டதும் நெய் தடவித் துணியில் சுற்றிவைத்தால் ஓரளவு மெதுவாக இருக்கும்.

சாதத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நேற்று ராத்திரிச் சாதத்தை வெளியே வைத்திருந்து காலையில் கிளறிக் கட்ட வேண்டாம். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா, அதன் வித்துகள் கொதிக்கிற நீரிலும் சாகாது. சாதம் அறைச் சூட்டில் கிடந்தால் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சில் ஒரு வகை மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. பொதுவாக 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அதனால் தெர்மாஸ் டப்பா வாங்கினால் வெறும் டப்பாவில் சாதத்தைப் போடாமல், பத்து நிமிஷம் கொதிநீர் ஊற்றி மூடிவைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கிற சாதத்தைப் போடுங்கள்.

இதில் ஒரு வம்பு. அப்படிக் கட்டினால் மதியம் சாதம் வாய் வைக்க முடியாத சூட்டில் இருக்கும். தட்டில் கொட்டி ஆறவைத்துக் கொடுக்க அக்காவிடம் சொல்ல வேண்டும். கூடவே ஒரு சின்ன எவர்சில்வர் தட்டும் அனுப்புங்கள்.

ஜூலை 10, 2023

தட்டு தொலைந்து போகிறது என்பவர்களுக்கு: பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவார்கள். மார்க்கர் பேனா எல்லாம் நாலு கழுவலில் போய்விடும். எங்கள் வீட்டுத் தட்டில் "அன்பளிப்பு" என்று யார் யாரோ பேர் வெட்டியிருக்கிறது. எந்தக் கல்யாணத்துத் தட்டோ அது, இதுவரை தொலையவில்லை.

ஜூலை 16, 2023

தொண்டையில் சிக்கும் சமாச்சாரம். வீட்டில் நாம் கண்ணுக்கு எதிரே வைத்துக் கொடுப்பது வேறு, அங்கே இரண்டு அக்காக்களுக்கு நடுவில் ஒரு கூட்டம் பிள்ளைகள். முழு திராட்சை கூடாது, நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும், பிரயோஜனம் இல்லை. முழு நிலக்கடலை, முந்திரி, பாப்கார்ன், பச்சைக் கேரட் துண்டு, கடலை மிட்டாய் இவை எதுவும் இந்த வயசுக்கு வேண்டாம். கடலையைப் பொடித்துச் சாதத்தில் கலக்கலாம், அதுவும் டேகேரில் வேறு பிள்ளைக்கு ஒவ்வாமை இல்லை என்று கேட்டுக்கொண்டு.

ஆகஸ்ட் 12, 2023

பசியே இல்லை என்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் கொடுப்பார்கள். 1 முதல் 2 வயதுக்குப் பாதி மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை, 400 மில்லிகிராம். தனியார் டேகேர் பிள்ளைகள் இதில் விடுபட்டுப் போவது சகஜம். டாக்டரிடம் போகும்போது கேளுங்கள்.

செப்டம்பர் 4, 2023

மகளை வேறு இடத்துக்கு மாற்றினோம், வீட்டுக்குப் பக்கம். இங்கே ஒரு சுற்றறிக்கை: சைவம் மட்டும், முட்டையும் கூடாது. என் மகள் தகராறு செய்யாமல் சாப்பிடும் ஒரே புரதம் முட்டைதான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், அவ்வளவு சின்னப் பொருளில் அவ்வளவு சத்து வேறு எதில் இருக்கிறது? தமிழ்நாட்டில் அங்கன்வாடிக்குப் போகும் பிள்ளைக்கு அரசே முட்டை தருகிறது. மாதம் ஆயிரக்கணக்கில் கட்டுகிற இடத்தில் முட்டைக்குத் தடை. கேட்டால் "சில பேரன்ட்ஸ் விரும்ப மாட்டார்கள் சார்". அடுத்த வாரமே ஒரு பிறந்தநாள், பெரிய கேக் வந்தது. அதில் முட்டை இல்லையா என்று நான் கேட்கவில்லை, மனைவி கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது முட்டையைக் காலையிலேயே வீட்டில் கொடுத்துவிடுகிறேன். டப்பாவில் பாசிப்பருப்பு, பன்னீர் பொரியல், கடலைப்பொடி.

நிறுவனம் நடத்தும் டேகேர் கிடைத்தால் நல்லதா என்று ஒருவர் கேட்டார். 2017இல் வந்த மகப்பேறு நலத் திருத்தச் சட்டப்படி 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்க்கவும் அனுமதிக்க வேண்டும். மதியம் நீங்களே போய்ப் பக்கத்தில் உட்கார முடிந்தால் இந்த இழையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

அக்டோபர் 7, 2023

பச்சை நாள். பச்சை உடை, பச்சைச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னார்கள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து புதினா சாதம் செய்தேன். எங்கள் மகள் இன்னொரு பிள்ளையின் வெள்ளரிக்காயைச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். வீட்டில் வெள்ளரிக்காயைத் தொட்டதில்லை.

நவம்பர் 19, 2023

"சாப்பிடவில்லை என்றால் ஒரு டம்ளர் பால் கொடுத்துவிடுவோம்" என்று எழுதியவருக்கு. அதுதான் சுற்றிச் சுற்றி வரும் வட்டம். பால் வயிற்றை நிரப்பும், அதில் இரும்புச்சத்து மிகவும் குறைவு, அடுத்த சாப்பாட்டுக்கும் பசி வராது. இந்த வயசில் நாளைக்கு 500 மில்லிக்கு மேல் பால் வேண்டாம். எங்கள் வீட்டில் எழுந்ததும் ஒன்று, டேகேரில் ஒன்று, மாலை ஒன்று, தூங்கும்போது ஒன்று என்று கூட்டிப் பார்த்தால் அதைத் தாண்டியிருந்தது.

இது லேசான விஷயம் இல்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019–21: தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் இது 50.7. பிள்ளை மண், சுண்ணாம்பு, பல்பம் தின்றாலோ, வெளிறிச் சோர்ந்திருந்தாலோ டப்பா மெனுவை யோசிக்காமல் ஹீமோகுளோபின் பாருங்கள். இந்த வயசுக்கு 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. அதேபோல எடை ஏறாமல் நின்றாலும், கட்டி கட்டியான எதையும் விழுங்கவே முடியாமல் ஓங்கரித்தாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும், எங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

பருப்பு சாதத்தில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிவது சும்மா ருசிக்கு இல்லை, வைட்டமின் சி இருந்தால் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பு நன்றாக உடம்பில் சேரும்.

பிப்ரவரி 11, 2024

ஜூனில் மெனுவை மாற்றாதீர்கள் என்று சொன்னேனே, அதற்கு ஒரு ஒட்டு. அது முதல் சில வாரங்களுக்குத்தான். நாங்கள் குட்டி இட்லியையே நம்பி ஓட்டினோம். போன மாதம் ஒரு நாள் "இத்தி வேணாம்" என்று அதையும் கைவிட்டாள். ஒரே பண்டத்தைத் தினமும் வைத்தால் அது சலித்து, ஒருநாள் நிரந்தரமாகப் போய்விடும் அபாயம் உண்டு. அதனால் தெரிந்த பண்டத்துக்குள்ளேயே சின்னச் சின்னதாக ஆட்டிவையுங்கள். இன்றைக்கு வட்டம், நாளைக்கு நறுக்கின துண்டு, மறுநாள் நெய்யில் வதக்கியது. ராகி மாவு கொஞ்சம் கலந்து ஒரு நாள். நிறம் கறுக்கும், அதற்கு ஒரு நாள் தகராறு இருக்கும், அப்புறம் பழகிவிடும். ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், தகராறுக்கு ஈடாகத்தான் இருக்கிறது.

டப்பாவைத் திரும்ப வாங்கும்போது "ஏன் சாப்பிடலை?" என்று வாசலிலேயே கேட்பதையும் விட்டுவிட்டோம். மாமியார் மட்டும் இன்னும் கேட்கிறார்கள், வீடியோ காலில். பிள்ளை "சாப்ட்டேன் பாட்டி" என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. அது உண்மையா என்று டப்பாவைத் திறந்தால்தான் தெரியும்.

மே 6, 2024

கத்திரி தொடங்கிவிட்டது. தயிர் சாதம் பத்து மணிக்கே புளித்துவிடுகிறது. இந்த நாட்களில் தயிரை அரைக் கரண்டியாகக் குறைத்து, பாலைக் கூடுதலாக்கி, முழுக்க ஆறினபின் பிரிட்ஜில் கால் மணி நேரம் வைத்துவிட்டு டப்பாவில் போடுங்கள். தெர்மாஸ் டப்பா சூட்டைப் பிடிக்கிற மாதிரியே குளிர்ச்சியையும் பிடிக்கும், கொதிநீருக்குப் பதில் ஐஸ் தண்ணீர் ஊற்றிவைத்துக் கொட்டினால் போதும். தேங்காய் சேர்த்த எதையும் மே முடியும்வரை கட்டுவதில்லை.

மே 7, 2024

தெர்மாஸ் என்ன அளவு என்று கேட்டவருக்கு: 300 மில்லி. பெரியது வாங்கினால் பாதி காலியாக இருக்கும், சூடு சீக்கிரம் இறங்கும். வாய் அகலமாக இருக்கட்டும், கரண்டி உள்ளே போக வேண்டும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவுங்கள், அடியில் பருப்பு தங்கி நாறும். வளையம் போனால் அது மட்டும் தனியாகக் கிடைக்கும் கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள்.